கலியமூர்த்தியின் இடது கண்

மாதத்தின் கடைசி வேலைநாளில் மாலை நாலு மணிக்குத் தில்லியின் எந்த மத்திய அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் சாமந்தி வாசனையும் சமோசா வாசனையும் கலந்து அடிக்கும். யாரோ ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று அர்த்தம். கலியமூர்த்தி வேலை பார்த்த அமைச்சகத்தில் அந்தப் பிரிவுபசாரக் கூட்டத்துக்கு மூன்று சாமான்கள் இல்லாமல் ஆகாது. ஒன்று மாலை, இன்னொன்று பரிசாகக் கொடுக்கும் சுவர்க் கடிகாரம், மூன்றாவது கலியமூர்த்தி.

அவர் ஒன்றும் பெரிய அதிகாரி இல்லை. கும்பகோணத்துப் பக்கம் பிறந்து, அறுபத்தெட்டில் ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, குமாஸ்தாவாகச் சேர்ந்து, படிப்படியாக அசிஸ்டெண்ட் ஆனவர். சரோஜினி நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ், மனைவி வள்ளியம்மை, ஒரே மகள் பிரியதர்ஷினி. பேச்சு சாமர்த்தியமும் கிடையாது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவருடைய இந்தியில் கும்பகோணம் எட்டிப் பார்க்கும். ஆனால் கூட்டத்தில் எழுந்து நின்று, இவர் நல்லவர், இவரோடு வேலை செய்தது என் பாக்கியம் என்று நாலு வாக்கியம் சொல்வதற்குள் அவருடைய இடது கண் நிறைந்துவிடும். கன்னத்தில் வழியும். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு ஐந்தாவது வாக்கியத்தைத் தொடங்குவார், மறுபடி வழியும். அவ்வளவுதான், ஓய்வு பெறுகிறவர் உதட்டைக் கடிப்பார், அவர் மனைவி முந்தானையை எடுப்பார், முன்வரிசை முழுக்க மூக்கை உறிஞ்சும். சமோசா ஆறிப்போகும்.

மூர்த்திஜிக்கு என்ன மனசு, என்ன மனசு என்று பக்கத்து அமைச்சகத்திலிருந்துகூட ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

அந்த மனுஷன் அழவே இல்லை என்பதுதான் விஷயம். ஏறக்குறைய பத்து வருஷம் ஓர் அமைச்சகத்தையே அழவைத்தவர், அந்தப் பத்து வருஷத்தில் ஒரு சொட்டு அழுதது கிடையாது. அவர் கண்ணில் வழிந்தது வெறும் தண்ணீர். வடிய வேண்டிய வழி அடைத்துக்கொண்டதால் வெளியே வந்த தண்ணீர். ஊர் ஏமாந்தால் போகட்டும். அதே தண்ணீரை நம்பி அவருடைய ஒரே மகள் தன் படிப்பையே மாற்றிக்கொண்டாள், அப்புறம் வாழ்க்கையையும் மாற்றிக்கொள்ளப் பார்த்தாள். அதுதான் சங்கதி.

கண்ணில் தண்ணீர் வழிவது தொண்ணூற்றிரண்டு ஜனவரியில் ஆரம்பித்தது. தில்லி பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி எப்போதும் பாதிதான் மூடும். மீதிப் பாதி வழியாக வருகிற வாடைக்காற்று இடது கண்ணில் பட்டதும் தண்ணீர் கொட்டும், பஸ்ஸை விட்டு இறங்கினால் நின்றுவிடும். அந்த மாதக் கடைசியில் அவருடைய பிரிவு அலுவலர் பரமசிவம் ஓய்வு பெற்றார். பரமசிவம் திருநெல்வேலிக்காரர். பதினோரு வருஷம் கலியமூர்த்தி எழுதிய குறிப்புகளையெல்லாம் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே இருந்தவர். அவர் போவதில் கலியமூர்த்திக்கு வருத்தம் என்று சொன்னால் அது பொய். உங்கள் தமிழ்நாட்டுக்காரர் ஆயிற்றே, நீங்கள் நாலு வார்த்தை பேசுங்கள் என்று எழுப்பிவிட்டார்கள். தாழ்வாரக் கதவு திறந்திருந்தது. காற்று இடது பக்கமாக அடித்தது. கண் நிறைந்து வழிந்தது. அதைப் பார்த்த பரமசிவம் எழுந்து வந்து கட்டிக்கொண்டு, "என்னைய மன்னிச்சிரும் வே" என்று தோளில் சாய்ந்து அழுதார்.

அந்த இடத்தில் வாயைத் திறந்து, சார், இது காற்று என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. எண்பத்து மூன்றில் அவருடைய அப்பா இறந்தபோது, தந்தி கிடைத்து ரயிலேறி ஊர் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காரியங்கள் செய்துவிட்டு மொட்டைத் தலையோடு திரும்பி வந்தவர், முதல் நாளே பத்தரை மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து நிலுவையில் கிடந்த கோப்பை எடுத்துப் பிரித்தார். துக்கம் விசாரிக்க வந்த சோப்ரா, பக்கத்து மேஜைக்காரன், அதைப் பார்த்துவிட்டுத் தாழ்வாரத்தில் போய், "ஆத்மி ஹை யா பத்தர்?" என்றான். மனுஷனா கல்லா என்று அவன் கேட்டது கலியமூர்த்தியின் காதில் விழுந்தது. ஊரிலும் அழுகை வரவில்லை, வந்த பிறகும் வரவில்லை. தனக்குள் ஏதோ குறை என்று அவரே நினைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷம் கழித்து அதே சோப்ரா தோளில் தட்டி, உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன் மூர்த்திஜி என்று சொன்னபோது, அந்த நல்ல பெயரைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

அதற்கப்புறம் நடந்தது கொஞ்சம் வெட்கக்கேடு. கோடைகாலக் கூட்டங்களில் தலைமை மேஜைக்கு ஒரு பெடஸ்டல் ஃபேன் வைப்பார்கள். இடது கன்னம் ஃபேனைப் பார்க்கிற மாதிரி நின்றால் ஒரு நிமிஷத்தில் கண் நிறைந்துவிடும் என்று கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து ஃபேனுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்பதில் அவர் தவறியதே இல்லை.

வள்ளியம்மைக்கு எல்லாம் தெரியும். கைக்குட்டை துவைக்கிறவள் அவள்தானே.

"ஊரையே ஏமாத்துறீங்க நீங்க. ஒரு நாளைக்குக் கண்ணு உங்கள ஏமாத்தப் போவுது. நல்ல டாக்டரா பாருங்க."

காலனி டிஸ்பென்சரிக்குப் போவார். எரிச்சல் என்று ஒரே வார்த்தை சொல்வார். சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு வருவார். வியாதி என்று ஒருவர் பெயர் வைத்துவிட்டால் அப்புறம் கூட்டத்தில் எந்த முகத்தோடு நிற்பது?

மகளிடம் வள்ளியம்மை எதுவும் சொல்லவில்லை. பெண் எதிரில் அப்பாவைக் குறைத்துப் பேசக் கூடாது என்பது அவள் கட்டிக்காத்த கொள்கை. நல்ல கொள்கைதான், இந்த ஒரு விஷயத்தில் வினையாகப் போனது. குளிரில் அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் என்பது வரைக்கும் பிரியதர்ஷினிக்குத் தெரியும். தில்லியில் குளிர் வந்தால் யாருக்குத்தான் வராது? ஆனால் காலனியில் அமைச்சகத்து மாமிகள் ஒவ்வொருவரும் அவளை நிறுத்தி, நேற்று உன் அப்பா பேசி ஹால் முழுக்க அழுதோம் என்று சொல்லிச் சொல்லி, தன் அப்பா தொட்டால் கலங்குகிற மனுஷன் என்று அவள் மனசில் பதிந்துவிட்டது.

தொண்ணூற்றாறு மே மாதம். பூசா ரோடு தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்திருந்தாள் பிரியதர்ஷினி. வெளியே அனல். ஜன்னலில் மாட்டியிருந்த கூலருக்கு அன்று காலையில்தான் புதுப் புல்தட்டி வைத்து, தண்ணீர் நிரப்பி ஓட்டியிருந்தார்கள். கலியமூர்த்தி மடக்கு மேஜையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூலர் அவருக்கு இடது பக்கம் இருந்தது.

"அப்பா, திருச்சில இன்ஜினியரிங் சீட் கிடைச்சிருக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்று ஒரு உறையை நீட்டினாள்.

அவர் வாயில் சோறு இருந்தது. எதையும் யோசித்துத்தான் பதில் சொல்வார், அலுவலகப் பழக்கம். உறையூரில் தம்பி இருக்கிறான், கார்டியனாக அவன் பெயரைப் போடலாமா, அவன் பெண்டாட்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாளா, சனிக்கிழமை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்களா என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தார். கூலர் காற்று கன்னத்தில் அடித்தது. இடது கண் நிறைந்து, மேஜையில் விரித்திருந்த செய்தித்தாள் மேல் சொட்டியது.

பிரியதர்ஷினி அந்தச் சொட்டைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். உறையை மெதுவாகத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"பாப்போம்மா" என்றார், வாயில் சோற்றோடு. குரல் கம்மிக் கேட்டது.

மறுநாள் காலையில் அவர் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். "திருச்சி வேணாம்ப்பா. அந்த வெயில் எனக்கு ஒத்துக்காது. இங்கயே பி.எஸ்ஸி. சேந்துக்கறேன்."

நாற்பத்து நாலு டிகிரியில் நின்றுகொண்டு ஒரு பெண் திருச்சி வெயிலைப் பற்றிப் பேசினால் தகப்பனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. பெண்ணுக்கு வீட்டை விட்டுப் போக மனசில்லை என்று நினைத்துக்கொண்டார். நினைத்து உள்ளுக்குள் சந்தோஷமும் பட்டுக்கொண்டார்.

பி.எஸ்ஸி. முடித்தாள். கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தாள். ஜனக்புரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைத்தது. காலையில் ஒன்றரை மணி நேரம் பஸ், மாலையில் ஒன்றரை மணி நேரம் பஸ். அவளிடம் படித்தவர்கள் எல்லாம் எங்கெங்கோ வேலைக்குப் போனார்கள். அவள் அடுத்த வகுப்புக்குப் போனாள்.

இரண்டாயிரத்து ஒன்று ஜனவரியில், ரேஷன் கார்டைத் தேடி மேஜை டிராயரைத் துழாவியபோது கலியமூர்த்தியின் கையில் ஒரு கடிதம் அகப்பட்டது. சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. பிரியதர்ஷினிக்கு வேலை கொடுத்திருந்தார்கள். மார்ச் பதினைந்தாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும். கடிதம் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. அவள் மூச்சு விடவில்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, சொல்வாள் என்று காத்திருந்தார். சொல்லவில்லை. அந்த வாரம் சாப்பிடும்போது, ஜனக்புரி சென்டரில் தன்னை நிரந்தரமாக்கப் போகிறார்கள், இங்கேயே இருந்துவிடலாம் என்றாள். இந்தத் தடவை அவருக்குச் சந்தோஷமாக இல்லை. பெண்ணின் முகம் சுண்டிப்போயிருந்தது.

அந்த மாதக் கூட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில், ஓரத்தில், கொட்டைப்பாக்கு அளவுக்கு வீங்கியது. சிவந்து, தொட்டால் உயிர் போனது. காய்ச்சல் வேறு. கண் அதற்குள் வெயில் குளிர் என்று பார்க்காமல் வருஷம் பூராவும் வழிகிற நிலைக்கு வந்திருந்தது. பிரியதர்ஷினி சென்டருக்கு லீவு சொல்லிவிட்டு, ஆட்டோக்காரனிடம் "பையா, ஜல்தி" என்று அவசரப்படுத்தி அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே டாக்டர் ஜலஜா மாத்திரை எழுதிக் கொடுத்து, வீக்கம் வடிந்த பிறகு வரச் சொன்னார். நாகர்கோவில்காரர். தமிழ்ப் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்தவர். கண்ணுக்குள் டார்ச் அடிக்கும்போதுகூடச் சிரித்த முகம்.

பத்து நாள் கழித்துப் போனபோது, வெளிநோயாளிகளுக்குக் கொடுக்கும் ஓ.பி.டி. அட்டையின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார்.

"கண்ணீர் எப்பவுமே ஊறிட்டுத்தான் இருக்கும் சார், அழுதாலும் அழாட்டியும். கண்ணு காயக் கூடாதில்லையா? மேல, வெளிப்பக்க ஓரத்துல சுரப்பி இருக்கு. நாம இமைக்க இமைக்க, அந்தத் தண்ணிய இமை மூக்கோரமாத் தள்ளும். அங்க மேல் இமைல ஒண்ணு, கீழ் இமைல ஒண்ணு, ஊசிமுனை அளவுக்கு ரெண்டு துளை இருக்கு. வீட்ல கண்ணாடில பாருங்க, தெரியும். அதுக்குள்ள இறங்கி, நூல் மாதிரி ரெண்டு குழாய் வழியா ஒரு சின்னப் பைக்கு வரும். பைலேர்ந்து இன்னொரு குழாய் எலும்புக்குள்ள இறங்கி மூக்குல திறக்கும்."

"கண்ணுத் தண்ணி மூக்குக்கா போவுது?" என்றார் கலியமூர்த்தி.

"பின்ன? அழும்போது மூக்கு ஒழுகுதே, அது சளின்னா நினைச்சீங்க? கண்ணீர்தான். கொஞ்சமா அழுதா மூக்கு வழியாவே இறங்கித் தொண்டைக்குப் போயிரும், கன்னத்துக்கே வராது. உங்களுக்குக் கீழ்க் குழாய் அடைச்சிருக்கு. வாஷ்பேசின் அடைச்சா என்ன ஆகும்? தேங்கும், வழியும். தேங்கின தண்ணி பைக்குள்ளயே கெட்டுப்போய்த்தான் இந்த வீக்கம்."

அப்புறம் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, மழுங்கின ஊசி ஒன்றைக் கீழ் இமைத் துளைக்குள் நுழைத்து, உப்புத் தண்ணீரை மெல்ல ஏற்றினார்.

"தொண்டைல உப்பா இறங்குதா சார்?"

"இல்லீங்க."

"கொஞ்சம்கூட?"

"ஒண்ணும் தெரியல."

ஏற்றின தண்ணீர் மேல் இமைத் துளை வழியாகக் கலங்கலாகத் திரும்பி வந்து கன்னத்தில் ஓடியது. டாக்டர் பஞ்சால் துடைத்தார். "பச்சைக் குழந்தைகளுக்கும் இந்த அடைப்பு உண்டு. மூக்கோரம் தடவிவிட்டா பெரும்பாலும் ஒரு வயசுக்குள்ள தானாத் திறந்துரும். உங்க வயசுல தானாத் திறக்காது. ஆபரேஷன் பண்ணிப் பைலேர்ந்து மூக்குக்கு நேரா புது வழி போட்டுரலாம். எத்தனை நாளா வழியுது?"

"தொண்ணூத்திரண்டுலேர்ந்து." ஊசி வைத்த டாக்டரிடம் பொய் சொல்ல யாருக்கு வாய் வரும்? "மொதல்ல குளிர்ல மட்டும்தான். அப்புறம் எந்தக் காத்து பட்டாலும் வரும். ஃபேன் காத்து, கூலர் காத்து, எதுன்னாலும்."

"மனசுல வருத்தம் எதுவும் இல்லாமலேயே?"

"எதுவும் இல்லாமலேயே."

பின்னால் நாற்காலியில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிரியதர்ஷினி தலையைத் தூக்கினாள். வெளியே வந்து, வேப்ப மரத்தடியில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் அவரை உட்காரவைத்து, டீ வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"திருச்சி லெட்டரைக் காட்டினேனே, அன்னிக்குக் கூலர் ஓடிட்டு இருந்ததுப்பா."

கலியமூர்த்திக்கு முதலில் புரியவில்லை.

"அன்னிக்கு நீங்க அழுதீங்களா இல்லையா?"

இப்போது புரிந்தது. ஐந்து வருஷம், பி.எஸ்ஸி., ஜனக்புரி பஸ், டிராயருக்குள் கிடக்கிற கடிதம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்கு விளங்கின. ஆமாம்மா, அன்றைக்கு நிஜமாகவே அழுதேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவள் செய்த தியாகமாவது மிஞ்சும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் கேட்கிறவள் சோப்ரா இல்லை, பெற்ற பெண்.

"இல்லம்மா. உன் சித்தப்பா பேரை கார்டியனாப் போடலாமான்னு யோசிச்சிட்டிருந்தேன்."

"சித்தப்பாவையா!" என்று சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "ஹால் முழுக்க அழவைக்கறவர், நான் போனா எப்படித் தாங்குவாருன்னு நினைச்சேன். எனக்கு அந்த சீட் எவ்ளோ ஆசை தெரியுமா? பட்டுனு ஒரு வார்த்தை, போயிட்டு வான்னு சொல்லியிருந்தா என்னப்பா?"

அவரால் எதிரே பார்க்க முடியவில்லை. சொல்லத் தொடங்கியாகிவிட்டது, மிச்சத்தையும் சொல்லிவிட்டார். பரமசிவம் கட்டிக்கொண்டது, சோப்ரா சொன்னது, பெடஸ்டல் ஃபேனுக்கு இடது பக்கமாக நின்றது, எல்லாம். இவ்வளவு கேவலமாக அவர் எந்தப் பெஞ்சிலும் உட்கார்ந்ததில்லை.

"டிராயர்ல மெட்ராஸ் கம்பெனி லெட்டர் ஒண்ணு இருக்குது" என்றார் கடைசியில். "அதையும் இந்தக் கண்ணுக்காகத்தான் மறைச்சு வெச்சிருக்கியா?"

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆபரேஷன் ஆகட்டும். கண்ணு சரியானப்புறம் கேக்கறேன். அப்ப உங்க முகத்தைப் பாத்தா எனக்கு நிஜம் தெரியுமில்ல? கஷ்டப்படறீங்கன்னு தெரிஞ்சா நான் போக மாட்டேன்ப்பா. சும்மா வாயால போ போன்னாலும் போக மாட்டேன்."

அம்மாவின் பிடிவாதம் அப்படியே இருந்தது.

பிப்ரவரி நடுவில் ஆபரேஷன் நடந்தது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்திருந்ததால் சத்தமெல்லாம் கேட்டது. மூக்கோரத்து எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்து எடுக்கிற சத்தம். வலி தெரியவில்லை. ஒரு திருச்சி சீட்டுக்கு இந்தச் சத்தம் போதாது என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தார். தையல் பிரித்த அன்று டாக்டர் ஜலஜா மறுபடியும் ஊசியை வைத்துத் தண்ணீர் ஏற்றினார்.

"உப்பு!" என்று கலியமூர்த்தி கத்தியதில், வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இனிமே அழுதா ஒழுங்கா உள்ள இறங்கும் சார்" என்று டாக்டர் சிரித்தார். பிரியதர்ஷினியும் பக்கத்தில்தான் இருந்தாள்.

மாதக் கடைசிக் கூட்டத்தில் மூக்கோரம் பிளாஸ்திரியோடு எழுந்து நின்று, அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். நான் ஒரு நாளும் அழுததில்லை, அது குழாய் அடைப்பு, உங்களையெல்லாம் ஏமாற்றிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று தட்டுத்தடுமாறி இந்தியில் சொன்னார். உடனே சோப்ரா எழுந்து, பாருங்கள், இத்தனை பெரிய மனசை வைத்துக்கொண்டு இந்த மனுஷனுக்கு எவ்வளவு அடக்கம் என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். ஓய்வு பெறுகிற அம்மாள் அழுதே விட்டார். இவர்களை என்ன செய்வது?

மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அதே மடக்கு மேஜையில், பிரியதர்ஷினி சென்னைக் கடிதத்தைக் கொண்டுவந்து வைத்தாள். கூலர் இன்னும் பரணில்தான் இருந்தது. ஃபேனையும் நிறுத்தினாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய இடது கண்ணையே பார்த்தாள்.

"போகட்டுமாப்பா?"

"போம்மா. பதினஞ்சாம் தேதிக்குள்ள சேரணும், நாளைக்கே டிக்கெட் போடணும்" என்றார். இந்தத் தடவை வாயில் சோறு இல்லை. பதிலை ஒரு வாரமாகத் தயாராக வைத்திருந்தார்.

அவள் ஒரு நிமிஷம் முழுசாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் காய்ந்து கிடந்தது. "அச்சா, சரிப்பா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அடுக்களையிலிருந்து அவள் ஏதோ இந்திப் பாட்டை முணுமுணுப்பது கேட்டது. அவள் பாடி எத்தனை நாளாயிற்று என்று வள்ளியம்மை சொன்னாள்.

ஜி.டி. எக்ஸ்பிரஸ் சாயங்காலம் கிளம்புகிறது. பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, சங்கிலி போட்டுப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை மகள் கையில் கொடுத்தார் கலியமூர்த்தி. புளியோதரைப் பொட்டலம் இரண்டு, தண்ணீர் பாட்டில், உறையூர் சித்தப்பாவின் டெலிபோன் நம்பர். எல்லாம் சரிபார்த்துவிட்டு இறங்கி, ஜன்னல் கம்பிக்கு எதிரே வந்து நின்றார். பக்கத்தில் வள்ளியம்மை மூக்கும் கண்ணுமாக அழுதுகொண்டிருந்தாள். பிரியதர்ஷினி அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். ஆனால் பார்வை மட்டும் அப்பாவின் இடது கண்ணில் இருந்தது.

முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வண்டியில்தான் அவர் இங்கே வந்து இறங்கினார். எண்பத்து மூன்றில் இதே வண்டியில்தான் அப்பாவைப் பார்க்கப் போய், பார்க்காமல் திரும்பினார். இனிமேல் சாயங்காலம் ஆறரைக்குக் கதவைத் தட்டி, அம்மா, பஸ்ஸில் என்ன கூட்டம் தெரியுமா என்று சொல்ல யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தார். எங்கிருந்து என்று தெரியாமல் அது கிளம்பி வந்தது. அப்பாவுக்கு வராதது, பரமசிவத்துக்கு வராதது, யாருக்குமே வராதது வந்தது. கண்கள் இரண்டும் சுட்டன.

இப்போது ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்தால் இந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடும். அவர் இமைத்தார். இமைக்க இமைக்கத் தண்ணீர் உள்ளே போகும் என்று டாக்டர் சொன்னாரே. விடாமல் இமைத்தார். மூக்குக்குள் குறுகுறுவென்று இறங்குவது தெரிந்தது. உறிஞ்சவும் முடியாது, டாக்டர் சொன்னதை அவளும்தான் கேட்டிருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினார்.

"கண்ணு ஓகேவாப்பா?"

கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்துக் காட்டினார். காய்ந்துதான் இருந்தது. அவள் பளிச்சென்று சிரித்தாள். வண்டி அசைந்தது. கம்பிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து ஆடிக்கொண்டே போனது. கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டும் வரைக்கும் கலியமூர்த்தி கையைத் தூக்கியபடி நின்றார்.

"என்னங்க இது, கல்லு மாதிரி நிக்கிறீங்க?" என்று வள்ளியம்மை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பெத்த பொண்ணு போவுது, ஒரு பொட்டுத் தண்ணி வரலியா உங்களுக்கு?"

அவர் திரும்பினார். தொண்டையை விரலால் தொட்டுக் காட்டினார்.

"உப்பா இருக்குது வள்ளி" என்றார்.

வள்ளியம்மை அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். பத்து வருஷப் பழக்கம், இன்னும் விடவில்லை. கலியமூர்த்தி அதை வாங்கி மூக்கைச் சிந்தினார்.